திரையில் நாம் விரட்டிய புள்ளிகள்

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள கூட்டாளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உன் முழங்கால் வலியைப் படித்ததும் என் முழங்காலும் சேர்ந்து வலித்தது. மற்றபடி நலம்.

மகளுக்கு ஐரோப்பாவில் இன்னோர் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. இது மூன்றாவது. "நிரந்தர வேலை எப்போது?" என்று அவள் அம்மா ஞாயிறுதோறும் தொலைபேசியில் கேட்கிறாள். அப்படி என்னதான் ஆராய்கிறாய் என்று போன முறை வந்தபோது உட்காரவைத்துக் கேட்டேன். அவள் நேராக நம் பழைய தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்க்கும் தொழிலுக்கே வந்துவிட்டாள்.

ஒளிபரப்பு கிடைக்காதபோது திரை முழுக்கக் கறுப்பு வெள்ளைப் புள்ளி கொட்டுமே, அதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு, அண்டம் தோன்றி 3,80,000 ஆண்டுகள் ஆனபோது கிளம்பிய ஒளியாம். சுமார் 1,380 கோடி ஆண்டுகள் பயணம் செய்து, வழியெல்லாம் நீண்டு நீண்டு நுண்ணலையாகி, நாம் வீவக அடுக்குமாடிக் கூரையில் கட்டிய ஏரியலில் வந்து விழுந்திருக்கிறது. அதை விரட்டத்தான் நாம் காசு வாங்கினோம்!

1964இல் நியூஜெர்சியின் ஹோம்டெல்லில் பென்சியாஸ், வில்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பட்ட பாடும் நம் பாடுதான். கொம்பு வடிவ ஏரியலை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே இரைச்சல். உள்ளே புறாக்கள் குடியிருந்தன. அவற்றை விரட்டி, எச்சத்தைக் கழுவிப் பார்த்தார்கள், இரைச்சல் போகவில்லை. அந்தப் பழைய ஒளிதான் அது என்று பிறகு தெரிந்தது. (பன்னிரண்டாம் மாடியில் மைனா எச்சம் உன் சட்டையில் விழுந்ததும் நீ மலாயில் திட்டியது நினைவிருக்கிறதா?) 1978இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஏரியல்காரர்களுக்கு நியாயம் கிடைத்தது என்று மகிழ்ந்தேன்.

மகள் ஒப்பவில்லை. அவள் கொண்டாடும் ஆள் அண்டவியல் அறிஞர் ஜேம்ஸ் பீபிள்ஸ். கனடாக்காரர், 1958இல் பிரின்ஸ்டனுக்குப் படிக்க வந்தவர். இப்படி ஒரு கதிர்வீச்சு மிஞ்சியிருக்க வேண்டும் என்று எண்ணிய பேராசிரியர் டிக்கி, இருவரைக் கருவி செய்யச் சொல்லி, கணக்கை இவரிடம் விட்டார். கருவி தயாராகும் முன்பே ஹோம்டெல்லிலிருந்து தொலைபேசி வந்துவிட்டது. அது போதாதென்று, இதே வழியில் ஆல்ஃபர், ஹெர்மன் என்ற இரு இயற்பியலாளர்கள் 1948லேயே கணக்குப் போட்டிருந்தது பிறகுதான் இவருக்குத் தெரிந்தது. அனுப்பிய கட்டுரையையும் ஆய்விதழ் ஏற்கவில்லை. நானாக இருந்தால் கடையை மூடியிருப்பேன்.

அவர் மூடவில்லை. ஆதி வெப்பத்தில் எவ்வளவு ஹீலியம் உருவாகியிருக்கும் என்று 1966இல் கணக்கிட்டார். எடையில் ஏறத்தாழ கால் பங்கு. 1970இல் யூ என்பவருடன் சேர்ந்து இன்னொரு கணக்கு. ஆதி அண்டத்தின் கொதிக்கும் குழம்பில் ஒலி அலைகள் ஓடியிருக்கும், அவற்றின் தடம் அந்தப் பழைய ஒளியில் பதிந்திருக்கும் என்றார்கள். அண்டார்டிகாவுக்கு மேலே பறந்த பலூன் ஒன்று அந்தத் தடத்தைத் தெளிவாக அளந்த செய்தி 2000இல்தான் வந்தது. முப்பது ஆண்டுகள்! நாம் ஒரு பெட்டியைத் திறந்தால் படம் வருமா வராதா என்று பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும். இடையில், 1982இல், குளிர்ந்த கரும்பொருள் என்ற கருத்தையும் முன்வைத்தார். அதை மகள் இரண்டு முறை விளக்கினாள், எனக்கு ஏறவில்லை. 2019இல், 84 வயதில், நோபல் பரிசில் பாதி அவருக்கு வந்தது.

"பார்த்தாயா, பொறுமைதான் முக்கியம்" என்று அப்பா தோரணையில் ஆரம்பித்தேன். அவள் தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, அந்த முப்பது ஆண்டும் அவருக்குப் பிரின்ஸ்டனில் வேலை இருந்தது."

எனக்குப் பதில் வரவில்லை. அவள் கணக்குச் சரியா என்று சொல்ல வேண்டிய பலூன், அவள் ஒப்பந்தம் முடிவதற்குள் பறக்குமா? இப்போதெல்லாம் அவள் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கும்போது நான் அடக்குவதில்லை.

டிசம்பரில் மகள் வருகிறாள். இங்கே 2019 தொடக்கத்தில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திய கையோடு, நான் பழைய பெட்டிகளையெல்லாம் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போட்டுவிட்டேன். உன் ஈப்போ வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பதினான்கு அங்குலப் பெட்டி கிடந்ததே, இன்னும் இருக்கிறதா? பஸ்ஸில் வரும்போது கொண்டு வா. உள்ளே ஏதாவது போயிருந்தால் இங்கே பார்த்துக்கொள்ளலாம். சால்டரிங் கம்பியை நான் விற்கவில்லை. ஏரியலும் இருந்தால் எடுத்து வா. அந்தப் புள்ளிகளை அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை பார்க்க வேண்டும்.

உன் பழைய கூட்டாளி