சுற்றுமண்டபக் கூரைமுகடு: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நமது கோவில் சுற்றுமண்டபத்தின் ஓட்டுக் கூரையில் எஞ்சியிருந்த முகட்டுப் பணி, கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுவடைக்குப் பின் தொடங்கி, தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே நிறைவுற்றதைத் திருப்பணிக் குழு தெரிவித்துக்கொள்கிறது. சாய்வுப் பகுதியில் ஓடுகளைத் தாங்கும் மரப் பட்டியல்களும் ஓடுகளும் முன்னரே மாற்றப்பட்டுவிட்டன.

முகட்டைப் பிரிக்காமல் விரிசல்களை மட்டும் பூசினால் போதாதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலுக்குப் பின் அவசரமாகச் செய்த பழுதுபார்ப்பில், முகட்டோடுகளின் அடியில் சிமென்ட் கலவை இடைவெளியின்றி அடைக்கப்பட்டிருந்தது. மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும் கூரையின் அயினி மரச்சட்டங்களின் அசைவுக்கு அக்கலவை இடங்கொடாததால் ஓரங்களில் மயிரிழைப் பிளவுகள் விழுந்து, அவற்றின் வழியே இறங்கிய நீர் வெளியேற வழியின்றி மரத்தின்மேலேயே தங்கியிருந்தது. பிரித்தபோது சில கழுக்கோல்களின் (கூரையின் சாய்வு மரங்களின்) தலை விரலால் தோண்டும் அளவுக்கு உளுத்திருந்தது. பூசி மறைத்திருந்தால் அது தெரிந்திராது. உளுத்த பகுதிகளை ஆசாரி வெட்டி நீக்கிப் புதுத் துண்டுகளை இணைத்தார்.

இம்முறை சிமென்ட் ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு என்ற கலவை பயன்படுத்தப்பட்டது. உலர்ந்த ஓடு கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், முகட்டோடுகள் நீரில் ஊறவைக்கப்பட்டே பதிக்கப்பட்டன. கலவை இரு ஓரங்களில் மட்டும் இடப்பட்டு, நடுவே காற்றோட வெற்றிடம் விடப்பட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் மேற்குக் காற்றை நாம் அறிவோம். ஆகவே கிழக்கு முனையில் தொடங்கி, அடுத்தடுத்த ஓடு முந்தையதன்மேல் ஏறி அமரும்படி மேற்கு நோக்கிப் பதிக்கப்பட்டதால், இணைப்புகளின் வாய் காற்று வரும் திசைக்கு மறுபுறமாகக் கிழக்கு நோக்கி அமைந்துள்ளது.

முதல் நாள் உச்சிவெயிலில் பதித்த பகுதியில் கலவை வேகமாக உலர்ந்து வெடித்ததால், அதைப் பெயர்த்து மீண்டும் செய்ய நேர்ந்தது. வேலை தாமதமானதற்குக் காரணம் அதுவே. நேரத்தைக் கவனியாதது குழுவின் பிழை. அதன்பின் காலையிலும் மாலையிலும் மட்டும் பதித்து, நனைத்த சாக்கால் ஏழு நாட்கள் மூடிவைத்தோம். ஓட்டுக்குப் பதிலாகத் தகர முகடு இட்டால் மலிவுதான். ஆனால் கடற்காற்றில் அது துருவேறும் வேகத்தைக் கண்டவர்கள் குழுவிலேயே உண்டு.

முனைகளில் மரநாய் புகாதபடி கம்பிவலை பொருத்தப்பட்டுள்ளது. (சென்ற ஆண்டு மண்டபத்தில் உறங்கியவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.) வரவு செலவுக் கணக்கு பொதுக்கூட்டத்தில் பார்வைக்கு வைக்கப்படும்.

சாரம் பிரிக்கப்பட்டுவிட்டது. மீந்த முகட்டோடுகள் மடப்பள்ளியின் பின்புறம் அடுக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் உடைபவற்றுக்கு மாற்றாக அவை தேவைப்படுமாதலால், எவரும் எடுத்துச் செல்ல வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

திருப்பணிக் குழு