களத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ளவர்களுக்கு,

போன ஞாயிறு ஏற்காட்டில், காபிப் பழம் காயவைக்கும் ஒரு களத்தில், மாறிவரும் மழையையும் வெயிலையும் பற்றி எங்கள் பிள்ளைகள் படம் வைத்தார்கள், கூத்து ஆடினார்கள். சாயங்காலம் களைப்பில் யாருக்கும் சரியாக நன்றி சொல்லாமலே வழியனுப்பிவிட்டோம். அந்தக் கடனுக்குத்தான் இது.

முதலில் களம் தந்த தோட்டக்காரருக்கு. அரங்கம் தருவதாகச் சொன்ன ஓர் இடம் இரண்டு நாள் முன்பு கைவிரித்தபோது, "பழம் காயாத மாசம்தானே, எடுத்துக்கோங்க" என்றார். வரையப் பழைய சாக்குகளும் கொடுத்தார். பழுப்பு நிறத்துக்கு டிகாஷன். (சாக்குகளில் எறும்பு மொய்த்தது. சர்க்கரை போட்டது யார் என்ற விசாரணை இன்னும் முடியவில்லை.)

அடுத்து, அங்கே பழம் பறிக்கும் பாட்டிக்கு. ஆரம்பத்தில் பிள்ளைகள் வரைந்ததெல்லாம் பள்ளிப் போட்டியில் பரிசு வாங்கும் படங்கள்: வாயில் தெர்மாமீட்டர் வைத்த பூமி, பாதி பச்சை பாதி பட்ட மரம். பாட்டி சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம மலை எங்க கண்ணு?" என்றார். அப்புறம் அவரே சொன்னார். பங்குனி வாக்கில் ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளில் காபிச் செடியெல்லாம் மல்லிகை மாதிரி பூத்துக் கிடக்கும். அந்த மழை தவறினால் மொட்டு செடியிலேயே கருகிவிடும். மறுநாள் ஒரு பையன் கொண்டு வந்த சாக்கில் கறுத்த மொட்டுகள் மட்டும்தான் இருந்தன. செவ்வாய்ப்பேட்டைப் பையன் ஒருவன் அப்பாவின் கொலுசுப் பட்டறையை வரைந்தான். சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிய 2024 ஏப்ரலில், பற்றவைக்கும் தீ அலையும் என்று அங்கே ஃபேன் போடவில்லையாம். படத்தில் ஃபேனுக்கு மட்டும் வண்ணமே இல்லை.

கூத்து வாத்தியாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பிளஸ் டூ மாணவி ஒருத்தி எழுதிய கூத்தில், கட்டியங்காரன் "மழை ராசா வாராரு" என்று மூன்று முறை கூவுகிறான். ராசா வரவில்லை. கடைசியில் பழம் பறிக்கும் கார்த்திகையில் அழைக்காமலே வந்து, போக மாட்டேன் என்கிறார். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததே, அதுதான். அந்த இடத்தில் கட்டியங்காரனுக்கு வசனமே கிடையாது, சும்மா நிற்கிறான். வாத்தியார் ஏதாவது சேர்க்கச் சொல்வார் என்று நினைத்தேன். "அப்படியே விடு" என்றார்.

சாக்குகளை வாடகை வாங்காமல் 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கிய டெம்போ அண்ணனுக்கும், நூறு பேருக்குச் சுக்குக் காபி போட்ட அக்காவுக்கும் நன்றி.

கடைசியாக மைக்செட் அண்ணனுக்கு. கூத்து முடிந்ததும் பத்தாவது படிக்கும் பெண் எழுந்து, "நீங்க ஏசி போட்டுக்கிட்டு எங்கள செடி நடச் சொல்றீங்க. எனக்குக் கோபமா வருது" என்றாள். களமே அமைதியானது. 'ஆளுக்கொரு மரம் நடுவோம்' என்று முடித்துவைக்க நான் மைக்கை எடுத்தேன். சத்தம் வரவில்லை. வயர் பிரச்சினை என்று நினைத்தேன். அந்த இடைவெளியில் பெரியவர் ஒருவர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இன்னும் சொல்லும்மா" என்றார். அரைமணி நேரம் பேசினாள்.

வயரில் ஒன்றுமில்லையாம். நேற்றுதான் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்புடன்,
பிள்ளைகள் சார்பில், மைக்கைப் பறிகொடுத்தவன்

பி.கு.: சாக்குப் படங்களில் மூன்றைக் காணோம். எடுத்தவர்கள் வைத்துக்கொள்ளலாம், சுவரில் மாட்டினால் சரி.