ரஷ்யாவிலிருந்து வரவேண்டிய பணம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ரஷ்யப் பார்ட்டிக்குச் சரக்கு அனுப்பியவர்கள், "ஸ்விஃப்ட் காப்பி (பணம் அனுப்பச் சொல்லி வங்கி விடுத்த செய்தியின் நகல்) வந்துவிட்டது, பணம் மட்டும் ஏன் வரவில்லை?" என்று எங்களிடம் கேட்கிறீர்கள். உங்கள் வங்கியின் திருப்பூர்க் கிளையில் சத்தம் போட்டுப் பயனில்லை. சிக்கல் அங்கே இல்லை.

ஸ்விஃப்ட் பணத்தைக் கொண்டுவருவதில்லை. இன்ன கணக்கில் இவ்வளவு வரவு வையுங்கள் என்று ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குச் சொல்லும் செய்தியை மட்டுமே கொண்டுபோகிறது. 1973-இல் பெல்ஜியத்தில் தொடங்கிய, வங்கிகளுக்கே சொந்தமான கூட்டுறவு நிறுவனம் அது. அங்கே இருப்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். 2012 மார்ச்சில் ஈரான் வங்கிகளை நீக்கியது அப்படித்தான். ஈரானோடு வல்லரசுகள் செய்த அணு ஒப்பந்தத்துக்குப் பிறகு 2016-இல் திரும்பச் சேர்த்தார்கள். 2018 நவம்பரில் நடந்ததுதான் எங்களுக்கு இன்னும் உறுத்துகிறது. ஒப்பந்தத்தை விட்டு விலகித் தடை போட்டது அமெரிக்கா; ஐரோப்பா அதில் நீடித்தது. அப்படியிருந்தும் ஈரான் வங்கிகள் சிலவற்றின் இணைப்பை ஸ்விஃப்ட் நிறுத்திவைத்தது.

ரஷ்யாவுக்கு வருவோம். 2022 மார்ச் 12 முதல் விடிபி உட்பட ஏழு வங்கிகள் நீக்கப்பட்டன. அந்நாட்டின் மிகப் பெரிய வங்கியான ஸ்பெர்பேங்கின் முறை ஜூனில்தான் வந்தது. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பணம் கட்ட வேண்டியிருந்ததால் ஐரோப்பா முதலில் அதைத் தொடவில்லை. தங்களுக்கு வேண்டியதற்கு வழி வைத்துக்கொண்டவர்கள், பனியன் தைத்து அனுப்பிய நம்மவர்களை யோசிக்கவில்லை. இது நியாயமில்லை.

சரி, காப்பி வந்தும் பணம் ஏன் நிற்கிறது? நீக்கப்படாத வங்கி அனுப்பினாலும், டாலர் பேமெண்ட் பெரும்பாலும் அமெரிக்காவில் உள்ள ஓர் இடை வங்கி வழியாகத்தான் வரும். அங்கே பெயர்களைத் தடைப் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். சந்தேகம் வந்தால் நிறுத்திவிடுவார்கள். காப்பியில் யூஇடிஆர் என்று, அந்தப் பேமெண்டைத் தேடிப் பார்க்க உதவும் 36 எழுத்துகள் கொண்ட எண் இருக்கும். அதைக் கிளையில் கொடுத்துக் கேளுங்கள். எந்த வங்கியில் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லலாம்.

அடுத்த ஆர்டருக்கு ரூபாயிலேயே இன்வாய்ஸ் போட முடியுமா என்று பையரிடம் பேசிப் பாருங்கள். 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி அதற்கு வழி செய்தது. ரஷ்ய வங்கி இங்குள்ள வங்கியில் வைத்திருக்கும் சிறப்பு வோஸ்ட்ரோ கணக்கிலிருந்து பணம் வரும், டாலர் நடுவில் வராது. எப்படியானாலும் ஆர்டரை உறுதிசெய்யும் முன் பையரின் வங்கிப் பெயரைக் கேட்டு எங்களுக்கு அனுப்புங்கள். அது இப்போது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறோம். அப்புறம் துணி வெட்டலாம்.

அன்புடன்,
உங்கள் ஏற்றுமதி ஆவணப் பணியகத்தார்,
திருப்பூர்