பத்து எண்ணிய ஆயாம்மாவுக்கு

தீபாவளி முடிந்து பதினொரு நாள். கடைசிக் கட்டிலில் இருந்த பிள்ளையும் நேற்று வீட்டுக்குப் போயாச்சு. தூங்காமல் நின்ற சிஸ்டர்கள், மயக்க மருத்துவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், கஞ்சியும் பழைய வேட்டியும் கொண்டுவந்த எதிர்த்தெருக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தீக்காய வார்டு வலி சிகிச்சைக் குழுவின் நன்றி.

ஆயாம்மா, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

மார்பின் சிரப் கொடுத்து முக்கால் மணி நேரம் பொறுப்பது, வெதுவெதுப்பான சலைன் விட்டுக் காஸ் துணியை ஊறவைப்பது எல்லாம் எங்கள் வேலை. காய்ந்த துணியை இழுத்தால் புதுத்தோலும் சேர்ந்து வரும். அத்தனையும் சரியாகச் செய்தாலும் கட்டு மாற்றும் டிராலிச் சத்தம் கேட்டதுமே பிள்ளைகள் அலறின. எங்கே வலிக்கிறது, எவ்வளவு என்று கணக்கிடுவது மூளையின் மேலடுக்கில் உள்ள உடலுணர்வுப் புறணி. அதைத் தாங்கமுடியாத வேதனையாக ஆக்குவதில் மூளையின் உட்பக்கத்தில் இருக்கும் முன் சிங்குலேட் புறணிக்குப் பெரும் பங்கு. 1997இல் ஆய்வாளர் ரேன்வில் குழுவினர் 47 டிகிரி வெந்நீரில் கை வைத்தவர்களுக்கு ஹிப்னாஸிஸ் மூலம் வேதனையை மட்டும் ஏற்றி இறக்கினார்கள். அதோடு மாறியது சிங்குலேட்டின் இயக்கம், உடலுணர்வுப் புறணியில் அந்த மாற்றம் இல்லை.

"பத்து எண்ணுவேன் கண்ணு, பத்துல கைய எடுத்துருவாங்க" என்றீர்கள். ஒட்டிய துணி பாதியில் நிற்க, "இன்னும் கொஞ்சம்தான்" என்று நாங்கள் இழுக்கப் பார்த்தபோது, டாக்டர் மணிக்கட்டையே பிடித்து நிறுத்தினீர்கள். அதற்குத்தான் இந்த மடல்.

எப்போது முடியும் என்று தெரியாத வலியில், ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கும் மூளைப்பகுதியான அமிக்டலா அடங்குவதில்லை. முன்மூளையிலிருந்து நடுமூளை, மூளைத்தண்டு வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்கும் பாதை வலிச் செய்தியை அடக்கவும் செய்யும், பெருக்கவும் செய்யும். வரப்போகும் வலியை நினைத்துப் பதறினால் பெரும்பாலும் பெருக்கல்தான். ஒரே ஒருமுறை பத்தைத் தாண்டிப் பதினொன்றுக்குப் போயிருந்தால்கூட மறுநாள் உங்கள் எண்ணிக்கைக்கு மதிப்பிருந்திருக்காது. (மருந்தைக் குறைத்துவிட்டு எண்ணினால் போதும் என்று யாரும் எங்களைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். இரண்டும் வேண்டும்.)

இனி ஒவ்வொரு கட்டு மாற்றத்துக்கும் இடுக்கி பிடிக்காத ஓர் ஆள் எண்ணுவதற்கென்றே நிற்பார். பிள்ளை விரலைத் தூக்கினால்தான் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்குவார். பத்தில் நிறுத்துவது அவர் அதிகாரம். டாக்டர் உட்பட யாரும் மறுபேச்சுப் பேசக்கூடாது. முதல் வாரம் நீங்களே நின்று எங்களுக்குப் பழக்கிவிட வேண்டும்.

தீக்காய வார்டு வலி சிகிச்சைக் குழு