மழை மேல மட்டும் பழி போட்டா எப்படி?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல நிலச்சரிவு பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா மொத்தமும் எத்தனை சென்டிமீட்டர் மழைங்கிற கணக்காவே போயிருச்சு. நான் குன்னூர்க்காரன். மழை வந்தாத்தான் மலை நகரும்னு இல்லைங்க, சரிவுல இருக்குற மேல்மண்ணு வருசத்துக்கு சில மில்லிமீட்டர்னு சத்தமில்லாம இறங்கிக்கிட்டேதான் இருக்கும். கரண்ட் கம்பம், வேலிக்கல்லு, மரத்தோட அடி எல்லாம் ஒரே பக்கமா கீழ பாத்து சாஞ்சிருந்தா புரிஞ்சுக்கலாம்.

வீடு கட்டுற இடத்துல மணல் குவிச்சு வச்சிருப்பாங்கல்ல, காஞ்ச மணல் 30, 35 டிகிரிக்கு மேல நிக்காது, எவ்வளவு கொட்டினாலும் வழிஞ்சு வந்துரும். லேசா ஈரம் இருந்தா செங்குத்தாவே நிக்கும், அந்த ஈரம்தான் ஒட்டிப் புடிக்குது. அதுலயே பக்கெட் பக்கெட்டா ஊத்துங்க, கொழகொழன்னு உக்காந்துரும். மலையிலயும் இதேதான், புவியீர்ப்பு எந்நேரமும் கீழ இழுக்குது, மண்ணோட உராய்வும் வேரும் புடிச்சு நிறுத்துது, இடுக்கெல்லாம் தண்ணி ரொம்பி உள்ள இருந்து தள்ள ஆரம்பிச்சா அந்தப் பிடி விட்டுருது. தண்ணியோட வெயிட்டும் சேரும், இருந்தாலும் பிடி போறதுதான் பெரிய விசயம்.

அப்ப நம்ம என்ன பண்றோம்? சரிவோட அடியில ஜேசிபி வச்சு வெட்டி மனை போடுறோம், மேல இருக்குற மண்ணுக்கு முட்டுக்குடுத்துக்கிட்டு இருந்ததே அந்த அடிமண்ணுதான். அப்புறம் தடுப்புச் சுவர் கட்டுறோம், தண்ணி வெளியேற அதுல பைப் வைப்பாங்க. எங்க தெருவுல ஒரு வீட்டுக்காரர் செம்மண் தண்ணி வடிஞ்சு கார் நிறுத்துற இடம் அசிங்கமாகுதுன்னு அத்தனை பைப்பையும் சிமெண்ட் வச்சு அடைச்சுட்டார், கேட்டா பெயிண்ட் போகுதாம்! ரெண்டே மழைக்காலம், சுவர் நடுவுல வயிறு தள்ளிருச்சு.

எல்லாத்துக்கும் மனுசந்தான் காரணம்னு சொல்ல வரல. 2024 ஜூலை 30 வயநாட்டுல பாறையும் மண்ணும் பிச்சுக்கிட்டது மேல காட்டுக்குள்ள, அங்க இருந்து கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் ஓடி முண்டக்கை, சூரல்மலைய அழிச்சுது. 2020 ஆகஸ்ட்ல மூணாறு பக்கம் பெட்டிமுடியில ராத்திரி தூங்கிக்கிட்டு இருந்த 70 பேர் போனாங்க, பெரும்பாலும் நம்ம தமிழ் எஸ்டேட் தொழிலாளிங்க, அவங்களுக்காக வரிசையா ஒட்டிக் கட்டின லயன் வீடுகள் இருந்ததே மண்ணு வர்ற வழியில. மேல எங்க பிச்சுக்கும்னு முன்கூட்டி சொல்றது கஷ்டம்தான், ஆனா வந்தா எந்த ஓடை வழியா வரும்னு ஊர்ப் பெரியவங்களுக்கே தெரியும், அந்த வழியில வீடு கட்டாம இருக்கலாம்ல.

அதனால அடுத்த தடவை உங்க நிருபர் மலைக்கு வந்தா மழைக் கணக்கோட சேத்து, ரோட்டோர சுவர்ல எத்தனை பைப்புல தண்ணி வருதுன்னும் எண்ணி எழுதச் சொல்லுங்க. எங்க தெருமுனையில நானே எண்ணினேன், 14-ல 3.

இப்படிக்கு,
குன்னூர் வாசகர்