மெழுகுக்குள் போகுமுன் கழிந்த மணித்தியாலங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அரச, தனியார் வைத்தியசாலைகளில் மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையையும் இழையப் பரிசோதனையையும் பொறுப்பேற்று நடத்தும் வைத்திய நிபுணர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

மதிப்புக்குரியீர்,

நோயியல் ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு, ஊரில் ஒருவர் மாறி ஒருவர் ஒரே கேள்வியைக் கொண்டு வருகிறார்கள். "அம்மாவின்ரை புளொக் எடுத்து ஆறு வருசமாச்சு, அதிலை இப்ப ஓமோன் ரெஸ்ற் செய்தால் சரியாய் வருமோ?" என்பது அது. புளொக் என்பது கட்டியிலிருந்து எடுத்து மெழுகில் பதித்து வைக்கும் இழையத் துண்டு. ஓமோன் ரெஸ்ற் என்பது புற்றின் உயிரணுக்களில் ஈஸ்திரோஜன் என்ற ஓமோனைப் பற்றும் வாங்கி இருக்கிறதா என்று பார்ப்பது. பழையது என்பதாலேயே அது கெட்டிருக்கும் என்ற எண்ணம் நோயாளரிடம் மட்டுமன்றி வைத்தியர் சிலரிடமும் உண்டு. 1990கள் வரையில் இந்தப் பரிசோதனைக்குப் புதிய இழையத்தை உடனே உறையவைத்து அரைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. குளிர் சற்றுத் தவறினாலும் வாங்கிகள் அழிந்துவிடும். அந்தக் காலத்து அச்சம் இன்றைய மெழுகுப் புளொக்கின் மீதும் படிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இழையம் அழுகாமல் காக்கும் போர்மலின் திரவத்தில் ஒழுங்காகப் பதப்பட்டு மெழுகில் அமிழ்ந்த இழையத்தில் ஈஸ்திரோஜன் வாங்கி பல பத்தாண்டுகளுக்கும் நிற்கக்கூடியது. அது கெடுவது பெரும்பாலும் மெழுகுக்குள் போவதற்கு முன்பு.

இது எவ்வளவு பெரிய விடயம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வாங்கி உள்ள புற்றுக்கு ஓமோனின் வேலையைத் தடுக்கும் தமொக்சிபன் மாத்திரையை ஐந்து ஆண்டு கொடுத்தால், பதினைந்து ஆண்டுக் காலத்தில் மார்பகப் புற்றால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. வாங்கி இல்லாத புற்றில் அம்மாத்திரையால் பயன் இல்லை. இவ்வளவும் சாயமேற்றியபின் நுணுக்குக்காட்டியின் கீழ் உயிரணுக் கருக்களில் கபில நிறம் தெரிகிறதா என்பதிலே தங்கியிருக்கிறது. நூற்றுக்கு ஒரு கரு நிறமேறினாலே பொசிட்டிவ், அதாவது வாங்கி உண்டு, என்று எழுத வேண்டிய பரிசோதனையில், பதப்படுத்தலின் பிழை நேராகப் பொய்யான நெகட்டிவ் ஆகிவிடுகிறது.

உடலிலிருந்து வெட்டியெடுத்த இழையம் ஒரு மணித்தியாலத்துக்குள் போர்மலினுக்குள் போக வேண்டும். போர்மலினுக்குள் 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். ஆனால் போத்தலுக்குள் போட்டுவிட்டால் மட்டும் போதாது. போர்மலின் இழையத்துக்குள் மணிக்கு ஒரு மில்லிமீற்றர் அளவிலேயே ஊறுகிறது. கொழுப்பு நிறைந்த முழு மார்பகத்தை வெட்டாமல் அமிழ்த்தினால் வெளிப்புறம் பதப்பட, உள்ளே இருக்கும் கட்டி எங்கள் ஊர் வெக்கையில் மெல்ல அழுகிக்கொண்டிருக்கும். இழையத்தின் கனவளவைப் போலப் பத்து மடங்காவது திரவம் வேண்டும் என்பதும், கட்டியை ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாத துண்டங்களாக அரிந்து வைக்க வேண்டும் என்பதும் எல்லோரும் படித்தவைதான். சத்திரசிகிச்சை வெள்ளி பின்னேரம் முடிந்து, திங்கள் போயா விடுமுறையாகவும் அமைந்துவிட்டால், படித்தது போத்தலுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

என் அக்காவின் கட்டிக்கு நடந்தது இதுதான். எந்த இடம் என்பதை எழுதப்போவதில்லை. அங்கே எவரும் கெட்ட எண்ணத்தோடு நடக்கவில்லை. பொங்கல் விடுமுறைக்கு முதல்நாள் எடுத்த கட்டி, வாய் ஒடுங்கிய சிறு போத்தலொன்றில், அரியப்படாமல், மட்டுமட்டான போர்மலினோடு நான்கு நாள் கிடந்தது. அறிக்கை 'நெகட்டிவ்' என்று வந்தது. அக்காவுக்குத் தமொக்சிபன் கொடுக்கப்படவேயில்லை. எட்டு ஆண்டுகள் கழித்துக் கழுத்து நிணநீர்க் கணுவில் நோய் திரும்பியபோது, புதிதாக எடுத்த இழையம் பொசிட்டிவ் என்று வந்தது. பழைய புளொக்கைத் தேடியெடுத்து மறுபடி பரிசோதித்தோம். கட்டி நிறமேறவில்லை; அதன் பக்கத்திலிருந்த, இயல்பாகவே நிறமேற வேண்டிய சாதாரண பாற்கான்களும் நிறமேறவில்லை. ஆகவே அந்தப் பரிசோதனை எதையும் சொல்லவில்லை, முதல் முறையும் சொல்லியிருக்காது. காலப்போக்கில் புற்றின் இயல்பே மாறுவதும் உண்டென்பதால், முதல் அறிக்கை பிழையென்று நான் அறுதியிட மாட்டேன். அதை அறியும் வழி முதல் நான்கு நாளிலேயே அடைபட்டுப்போயிற்று என்று மட்டும் சொல்கிறேன்.

சேமிப்பிலும் பிழைகள் உண்டு. இழையத்திலிருந்து நீர் முற்றாக வெளியேறாமல் மெழுகேற்றினால், உள்ளே தங்கிய ஈரம் ஆண்டுக்கணக்கில் வாங்கிகளைத் தின்னும். 2022 மார்ச்சில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களில், இரவிரவாக ஓட வேண்டிய பதனிடும் இயந்திரங்கள் இடையில் நின்றிருந்தால் அந்நாளைய புளொக்குகளைத் தனியே குறித்து வைத்திருப்பது நல்லது. புளொக்கிலிருந்து சீவி ஸ்லைட்டில் ஒட்டிய மெல்லிய துண்டமோ வேறு கதை: காற்றும் ஈரமும் பட்டு அது விரைவில் வலுவிழக்கும். ஆறு வாரம் கடந்த, சாயமேற்றாத ஸ்லைட்டை இப்பரிசோதனைக்கு எடுக்கலாகாது. பிற்காலத் தேவைக்கென்று சீவி வைப்பதைவிடப் புளொக்கை முழுதாக வைப்பதே சேமிப்பு. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் புளொக்கைக் கைப்பையில் கொண்டுபோகும் உறவினருக்கு, அதை வெயில் படும் இடத்தில் வைக்கவேண்டாம் என்று ஒரு வசனமாவது சொல்லியனுப்புங்கள்.

கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் 1997 முதல் 2005 வரை செய்யப்பட்ட இதே பரிசோதனைகளில் ஏறத்தாழ நானூறு பேருக்குப் பிழையான முடிவு கொடுக்கப்பட்டிருந்தது. அது வெளிப்பட்டதே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் பழைய இழையங்களை வேறோர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி மறுபடி பார்த்ததால்தான். அதன்பின் நீதிபதி மார்கரட் கமரூன் நடத்திய விசாரணையின் அறிக்கை 2009இல் வந்தது. அங்கே புளொக்குகளை எறிந்திருந்தால் பிழையும் சேர்ந்து மறைந்திருக்கும்.

ஆகையால் இடமில்லையென்று பழைய புளொக்குகளை ஒதுக்குமுன் ஒருமுறை யோசிக்குமாறு கேட்கிறேன். நெகட்டிவ் என்று எழுதும் ஒவ்வோர் அறிக்கையிலும் பக்கத்துச் சாதாரண இழையம் நிறமேறியதா என்பதைச் சேர்த்து எழுதுங்கள். அது ஏறாவிடில் 'முடிவு கூற இயலாது' என்று எழுதத் தயங்காதீர்கள். அப்படியொரு அறிக்கை கிடைத்திருந்தால் அக்காவைக் கவனித்த வைத்தியர் வேறு புளொக் கேட்டிருப்பார்.

எல்லாவற்றுக்கும் முதல், சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து ஆய்வுகூடத்துக்கு வரும் படிவத்தில் மூன்று வெற்றிடங்கள் வேண்டும்: உடலிலிருந்து எடுத்த நேரம், போர்மலினில் இட்ட நேரம், வெளியே எடுத்த நேரம். இதற்கு இயந்திரமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. தாதியொருவரின் கடிகாரமும் பேனையும் போதும். அந்த மூன்றும் புளொக்கின் இலக்கத்தோடு பதிவேட்டில் இருந்தால், பத்தாண்டு கழித்து அதைத் திறப்பவர் எதை நம்பலாம் என்று தாமே கணித்துக்கொள்வார். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அத்தகைய படிவமொன்றை ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் எந்த வைத்தியசாலைக்கும் நேரில் கொண்டுவந்து தருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
யாழ்ப்பாணம்