போனை அணைக்கத் தெரியாத தோட்டத்துப் பெண்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த பயணக் கட்டுரையைக் கடைக்கு வந்த ஒருவர் மேசையில் விரித்துக் காட்டினார். மத்திய கிழக்கிலிருந்து திரும்பும் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப்புறப் பெண்களுக்குப் போனை அணைக்கக்கூடத் தெரியாதாம், இவர்களால் ஒருநாள் விமானமே விழுந்துவிடுமாம். நானும் அப்படித் திரும்பியவள்தான் ஐயா. குவைத்தில் வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் இன்று ஹட்டனில் போன் சாமான் கடை வைத்திருக்கிறேன். போனை அணைக்க எனக்குத் தெரியும் என்பதைப் பணிவோடு அறியத் தருகிறேன்.

நான் கடைசியாக வந்த பிளைட்டில், விமானம் ஓடுபாதைக்கு நகரத் தொடங்கிய பிறகும் காணி விலை பேசிக்கொண்டிருந்தவர் கோட் போட்ட ஒரு கனவான். பணிப்பெண் வந்து சொன்னபோது ஒரு விரலை உயர்த்திக் காட்டினாரே தவிர பேச்சை நிறுத்தவில்லை. அவர் உங்கள் கட்டுரையில் வரமாட்டார். எங்களில் ஒருத்தி "ஏறிட்டேம்மா, புள்ளைய பாத்துக்க" என்று அரை நிமிடம் பேசினால் அது மட்டும் கட்டுரையாகிவிடும்.

விமானம் விழும் கதைக்கு வருகிறேன். பறக்கும்போது செல்போன் பேசக்கூடாது என்று அமெரிக்கா 1991இல் தடை போட்டது. போட்டது அவர்களுடைய தொலைத்தொடர்பு ஆணைக்குழு. மேலேயிருக்கும் ஒரு போன் ஒரே நேரத்தில் பல கோபுரங்களை எட்டிப் பிடித்து, தரையில் பேசுகிறவர்களின் இணைப்பைக் குழப்பும் என்பதே அவர்களின் கவலை. விமானக் கருவிகளுக்கு இடைஞ்சல் வரலாம் என்ற எச்சரிக்கை வேறு. அதைப் பொய் என்று சொல்லவில்லை, பணிப்பெண் சொன்னால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் 2013 ஒக்டோபரிலேயே அமெரிக்க விமானத்துறை, பிளைட் மோடில் போட்டுவிட்டால் ஏறுவதிலிருந்து இறங்கும் வரை போனைப் பாவிக்கலாம் என்று விட்டுக்கொடுத்துவிட்டது. ஐரோப்பா 2014இல் இன்னும் ஒருபடி மேலே போய், விமானத்தைச் சோதித்து உறுதிசெய்த கம்பனிகள் பிளைட் மோட் இல்லாமலே அனுமதிக்கலாம் என்றது. 2022இல் 5ஜியால் உயரமானி குழம்பும் என்று அமெரிக்காவில் எழுந்த பரபரப்பும் தரையிலிருக்கும் கோபுரங்களைப் பற்றியது, எங்கள் கைப்பையைப் பற்றியதல்ல. இதெல்லாம் தாங்கள் அறியாததா?

உண்மையான பயம் பெட்டரியில் இருக்கிறது. கட்டுரையாளர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. 2025 ஜனவரியில் தென்கொரியாவில் புறப்படத் தயாராக நின்ற விமானம் ஒன்று தீப்பிடித்தது, சாமான் தட்டில் இருந்த பவர் பேங்காக இருக்கலாம் என்றார்கள் விசாரித்தவர்கள். அந்த மார்ச் முதல் அங்கே பவர் பேங்கை மேல் தட்டில் வைக்க விடுவதில்லை. அதே வருடம் ஒக்டோபரிலிருந்து எமிரேட்ஸ் விமானங்களில் கொண்டுபோகலாம், பாவிக்க முடியாது. இதை என் கடையில் பவர் பேங்க் வாங்கி, நேரே பெரிய சூட்கேசுக்குள் திணிக்கப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது கையில்தான் போக வேண்டும். பவர் பேங்கில் 20,000 mAh என்று போட்டிருப்பது ஏறத்தாழ 74 வாட் மணி, பொதுவாக 100 வரை விடுவார்கள். வாசலில் வைத்துக் கைப்பையைக் கீழே அனுப்பச் சொன்னால் முதலில் இதை வெளியே எடுக்க வேண்டும்.

அதே பிளைட்டில் வெலிமடைப் பக்கத்துப் பையன் ஒருவனின் போன் சீட் இடுக்கில் விழுந்துவிட்டது. அவன் சீட்டைச் சாய்த்தும் நிமிர்த்தியும் தேட, பணிப்பெண் ஓடிவந்து ஆங்கிலத்தில் கத்தினாள். திட்டுகிறாள் என்று நினைத்து அவன் இன்னும் வேகமாக ஆட்டினான். "தம்பி, சீட்ட ஆட்டாத, போன் நசுங்குனா பெட்டரி பத்திக்கும்" என்று நான் சொன்ன பிறகுதான் கையை எடுத்தான். அவள் முழங்காலில் நின்று டோர்ச் அடித்து மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். போனை அணைக்கத் தெரியாத தோட்டத்துப் பெண் செய்த வேலை இது.

அந்த விமானத்தில் அறிவிப்பு அரபியில் வந்தது, ஆங்கிலத்தில் வந்தது, சிங்களத்தில் வந்தது. பாதிச் சீட்டில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். போவதற்கு முன் கொடுத்த பயிற்சியில் வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் எல்லாம் காட்டினார்கள். விமானத்துக்குள் எப்படி நடந்துகொள்வது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் அனுப்பிய டொலர் மட்டும் எல்லா மொழியிலும் விளங்கியது.

உங்கள் பத்திரிகை மட்டும் என்ன ஐயா? சம்பளப் பேச்சு, மண்சரிவு, தேர்தல், இவை வந்தால்தான் மலையகம் ஞாபகம் வரும். எந்தச் செய்திக்கும் அதே கொழுந்து பறிக்கும் படம். 2023இல் எங்கள் சனம் மலையகம் வந்து இருநூறு வருடம் என்று சிறப்பிதழ் போட்டீர்கள், அதிலும் வெளிநாடு போன பெண்களால் குடும்பம் கெட்டது என்று ஒரு பக்கம். கொரோனா நேரம் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை ஏறிப் பாடம் படித்தார்கள். எங்கள் டிவிஷனில் இன்றைக்கும் கோயில் மேட்டுக்குப் போனால்தான் இரண்டு கோடு விழும். வருடம் முழுக்கப் பிளைட் மோடிலேயே இருக்கிற சனத்துக்கு அதைப் போடத் தெரியாதாம்!

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவருக்கு வேலை அதிகம் இருக்கும். ஞாயிறு இதழில் ராசிபலனுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தால், விமானத்தில் போன், பவர் பேங்க் சம்பந்தமாகச் செய்ய வேண்டியதையும் கூடாததையும் தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். எழுத்துக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவதற்கு.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
ஹட்டன்.